வசந்தக் கடல்: மியாகி மிச்சியோவின் இசையில் பழமையும் புதுமையும்



இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய பெரியவரை நான் நேரில் அறிந்தவனல்லேன். பிறநாட்டுக் கலைகளைப் பற்றி ஆண்டுக்கொரு முறையேனும் தமிழில் ஒருவர் பேசவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதாக அறக்கட்டளைப் பத்திரத்தில் படித்தேன். அந்த ஆசைக்கு என் வணக்கம். வரவேற்புரையில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றுள் பாதி மிகை. அதைத் திருத்தப் புகுந்தால் எனக்கு அளித்த நேரம் அதிலேயே கழிந்துவிடும் ஆதலால், விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம் உங்களுள் பலருக்குப் பாதி தெரிந்ததுதான். ஜப்பானியக் கோட்டோ வித்வானாகிய மியாகி மிச்சியோவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது பற்றி எனக்கும் என் துறை நண்பர்கள் சிலருக்கும் பல்லாண்டுகளாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. அவருடைய ‘ஹரு நோ உமி’, அதாவது ‘வசந்தக் கடல்’, கிமோனோ உடுத்திக்கொண்ட ஐரோப்பியப் பாட்டு என்று ஒரு நண்பர் பாடத்திட்டக் குழுவில் சொல்லி, அந்த வாசகத்தின் அழகினாலேயே கூட்டத்தை வென்றுவிட்டார். அன்றைக்கு எனக்கு விடை தோன்றவில்லை, வீடு திரும்பும் வழியில்தான் தோன்றியது. இன்னொரு நண்பர் அதற்கு நேர்மாறாக, மேனாட்டுச் சாயலெல்லாம் மேற்பூச்சு, சுரண்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது கலப்பற்ற ஜப்பான் என்று சாதிக்கிறார். மூன்றாமவர், இருவரையும் சமாதானம் செய்விக்கும் நல்லெண்ணத்தோடு, ‘பழமையும் புதுமையும் சரிவிகிதமாய்க் கலந்த இசை’ என்று எழுதிவைக்க, அதுவே இப்போது மாணவர்களின் விடைத்தாள்களில் வாய்பாடாகிவிட்டது. மூவரும் இன்று முன்வரிசையில் வீற்றிருக்கிறார்கள். பேச்சின் நடுவே எழுந்து மறுக்கும் வழக்கம் இந்த மேடையில் இல்லை என்பது எனக்குப் பெரிய அனுகூலம்.

நான் சொல்ல வந்தது இதுதான். மூவரும் செய்யும் பிழை ஒன்றே. மியாகி பிறப்பதற்கு முன்பே ‘பழைய கோட்டோ இசை’ என்று ஒன்று சமைத்து முடித்து மூடிவைக்கப்பட்டிருந்தது என்றும், அவர் அந்த மூடியைத் திறந்து வேறொரு பாத்திரத்திலிருந்து எதையோ அதில் ஊற்றினார் என்றும் அவர்கள் எண்ணுகிறார்கள். ஊற்றியது எவ்வளவு என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை. அப்படி மூடிவைத்த பாத்திரம் எதுவும் கோட்டோவின் வரலாற்றில் எக்காலத்தும் இருந்ததில்லை என்பது என் கட்சி.

வாத்தியமும் அதன் வழிமரபும்

கோட்டோ, பவுலோனியா மரத்தைக் குடைந்து செய்யப்படும், ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள வாத்தியம். படுத்துக் கிடக்கும் டிராகன் என்று ஜப்பானியர் அதைப் பாவித்து, அதன் இரு முனைகளையும் டிராகனின் தலை, வால் என்றே அழைக்கிறார்கள். அதன்மேல் பதின்மூன்று நரம்புகள் ஓடுகின்றன; முற்காலத்தில் அவை முறுக்கிய பட்டு. வீணையை மனத்தில் வைத்துக்கொண்டு இதைக் கற்பனை செய்யவேண்டாம்: இதில் மெட்டுக்கள் இல்லை. ஒவ்வொரு நரம்பின் கீழும் அதற்கென்று ஒரு குதிரை தனியே நிற்கிறது. அதை வலப்புறம் தள்ளினால் சுருதி ஏறும், இடப்புறம் தள்ளினால் இறங்கும். வலக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றிலும் நகங்கள் மாட்டி நரம்பை மீட்டுவார்கள். இடக்கை, குதிரைக்கு அப்பால் உள்ள நரம்பை அழுத்தி, மீட்டிய ஸ்வரத்தை உயர்த்தியும் அசைத்தும் உயிரூட்டும். குதிரைகள் நகர்வன ஆகையால், பாட்டுக்குப் பாட்டு சுருதி வைப்பு மாறும். ஒரே பாட்டின் நடுவிலும் வித்வான் கைநீட்டிக் குதிரைகளை நகர்த்தி வேறொரு வைப்புக்குப் போய்விடுவதுண்டு. தன் ஸ்வர வரிசையையே நிலையாக வைத்துக்கொள்ளாத இந்த வாத்தியத்தைத்தான் என் நண்பர்கள் நிலைபெற்ற பழமைக்கு உதாரணமாக்குகிறார்கள்.

இதன் முன்னோன் தாங் வமிச காலத்துச் சீனத்திலிருந்து நாரா நகரத்து அரண்மனைக்கு வந்த வாத்தியம். பல நூற்றாண்டுகள் அது அரசவைக் குழுவிசையில் அடங்கிக் கிடந்தது. பதினாறாம் நூற்றாண்டில் கியூஷு தீவில் கென்ஜுன் என்னும் துறவி அதைத் தனியே பாட்டுக்கு இசைக்கும் ஒரு முறையை வகுத்தார். அந்த முறையைக் கற்ற யட்சுஹாஷி கெங்யோ (1614–1685), துறவிகளும் பிரபுக்களும் போற்றிய சுருதி வைப்பை அப்படியே விட்டுவைக்காமல், சாமிசென் என்னும் நரம்பு வாத்தியத்தோடு நகரத்தில் பாடிய பாட்டுக்களில் ஒலித்த அரைஸ்வர இடைவெளிகளைக் கோட்டோவுக்குள் கொண்டுவந்தார். இன்று கோட்டோவைக் கேட்டவுடன் ‘இது ஜப்பான்’ என்று நம் செவி கண்டுகொள்கிறதே, அந்தச் சோகச் சாயல் ஒருவர் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தது. (அதை நம் ராகம் ஒன்றோடு பொருத்திப் பார்க்கும் ஆசையை நான் அடக்கிக்கொள்கிறேன், நீங்களும் அடக்கிக்கொள்ளுங்கள்.) பிறகு இக்குட்டா கெங்யோ (1656–1715) கோட்டோவையும் சாமிசெனையும் ஒருசேர இசைக்கும் வழியை வளர்க்க, அவர் பெயரால் நிற்கும் மரபில் நகத்தின் வடிவம் சதுரமாயிற்று, உட்காரும் கோணம் சாய்வாயிற்று. பின்னர் யமாடா கெங்யோ (1757–1817) எடோ நகரத்துக் கதைப்பாட்டுக்களின் நாடகச் சுவையைக் கோட்டோவில் ஏற்றி வேறொரு மரபைத் தொடங்கினார். என் நண்பர்கள் பழமை என்று கைகூப்பும் இவை ஒவ்வொன்றும், தோன்றிய நாளில் யாரோ ஒரு முதியவரை முகஞ்சுளிக்க வைத்திருக்கும்.

‘கெங்யோ’ என்பது பெயரன்று, பட்டம். பார்வையற்ற கலைஞர்களின் சங்கத்தில் மிக உயர்ந்த பதவி. அந்தச் சங்கத்தை மெய்ஜி அரசாங்கம் 1871-இல் கலைத்துவிட்டது. பார்வையற்றவர்களுக்கே உரியதாக இருந்த தொழிலுரிமை அன்றோடு போயிற்று; ஆனால் எதை இசைக்கலாம், யார் கற்பிக்கலாம் என்ற கட்டும் தளர்ந்தது. மியாகி பிறந்தது அதற்கு இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். மியாகி பார்வையிழந்தவர் என்பதைக் கொண்டு, அகக்கண் என்றும் இருளில் பிறந்த ஒளி என்றும் உருகி எழுதுவோர் உண்டு. கோட்டோ மரபில் பார்வையின்மை அதிசயமன்று; யட்சுஹாஷி, இக்குட்டா, யமாடா மூவரும் பார்வையற்றவர்களே. அந்தத் தொழிலில் கண்ணுடையவன் வந்து சேர்ந்ததுதான் புதிய செய்தி.

மியாகி

அவர் கோபே துறைமுக நகரத்தில், வெளிநாட்டார் குடியிருப்புப் பகுதியில், 1894 ஏப்ரல் 7-ஆம் நாள் பிறந்தார். சிறுவயதிலேயே மங்கிவந்த பார்வை எட்டு வயதளவில் அறவே போக, இக்குட்டா மரபு ஆசிரியர் ஒருவரிடம் கோட்டோ கற்கத் தொடங்கினார். 1907-இல், பதின்மூன்று வயதில், தந்தையார் வசித்த கொரியாவின் இன்சோன் துறைமுகத்துக்குச் சென்று, குடும்பத்தைக் காப்பாற்றும் பொருட்டு அந்த வயதிலேயே பிறருக்குக் கற்பிக்கலானார். தம்பி பள்ளிப் பாடப்புத்தகத்தை உரக்கப் படித்தபோது செவியில் விழுந்த ஏழு பாட்டுக்களைக் கொண்டு, தண்ணீர் மூடுபனியாகவும் மேகமாகவும் மழையாகவும் ஆலங்கட்டியாகவும் உறைபனியாகவும் வடிவு மாறுவதைப் பாடும் ‘மிசு நோ ஹெந்தாய்’ என்னும் கிருதியை 1909-இல் இயற்றினார். அதைக் கேட்டு மகிழ்ந்த ஜப்பானிய அரசியல் தலைவர் இட்டோ ஹிரோபுமி, டோக்கியோவுக்கு அழைத்துக்கொள்வதாக வாக்களித்தார். ஆனால் இட்டோ அவ்வாண்டு அக்டோபரிலேயே ஹார்பினில் சுட்டுக் கொல்லப்பட்டார். மியாகி 1917 வரை காத்திருந்து தம் முயற்சியாலேயே டோக்கியோ சேர்ந்தார். அங்கே 1919-இல் தம் சொந்தப் படைப்புக்களைக் கொண்டு முதல் கச்சேரி செய்தார். 1920-இல், மேனாட்டு முறையில் பயின்ற மொதோரி நாகயோவுடன் சேர்ந்து ‘புதிய ஜப்பானிய இசை’ என்ற பெயரில் கச்சேரி நடத்தினார்.

முதல் நண்பர் இந்த வரலாற்றிலிருந்து மூன்று சாட்சிகளை அழைப்பார்: வெளிநாட்டார் குடியிருப்பு, கொரியாவில் கேட்ட மேனாட்டு இசைத்தட்டுக்கள், மொதோரியின் சகவாசம். சாட்சிகள் பொய்யர்கள் அல்லர். மியாகி மேனாட்டு இசையைக் கேட்டார், விரும்பினார், அதிலிருந்து கற்றார். இதை நான் என்றும் மறுத்ததில்லை, மறுத்ததாக அச்சில் வந்தது அச்சிட்டவரின் பிழை. கற்றதைக்கொண்டு என்ன செய்தார் என்பதே வினா.

வசந்தக் கடல்

1930-ஆம் ஆண்டுப் புத்தாண்டில் அரண்மனையில் நடந்த கவிதை அரங்குக்குக் ‘கடலோரப் பாறை’ என்பது தலைப்பு. அதையொட்டி 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மியாகி இதனை இயற்றினார். செட்டோ உள்நாட்டுக் கடலில் கப்பலேறிச் சென்றபோது தம் மனத்தில் பதிந்தவற்றை, மெல்லிய அலைகளையும் துடுப்பொலியையும் பறவைக் குரலையும், இசையாக்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். வாத்தியங்கள் இரண்டே: ஒரு கோட்டோ, ஒரு சாக்குஹாச்சி என்னும் மூங்கிற்குழல். வாய்ப்பாட்டு இல்லை. முதலில் கோட்டோ மட்டும் தாழ்ந்தெழுந்து தாழும் ஒரு சிறு அசைவைத் திரும்பத் திரும்ப இசைக்கிறது. அந்த அசைவு நம் செவிக்குப் பழகியபின் குழல் நீண்ட மூச்சோடு மேலே நுழைகிறது. சிறிது நேரத்தில் காலம் விரைந்து, துடுப்பு வலிப்பதுபோன்ற ஓட்டம் பிறக்கிறது. அது ஓய்ந்ததும் முதலில் கேட்ட அலை மீண்டும் வந்து, முடிகிறது. இவ்வளவே.

முதல் நண்பரின் முதல் வாதம், மந்தகதி, துரிதகதி, மீண்டும் மந்தகதி என்னும் முக்கூறான அமைப்பு ஐரோப்பியருடையது என்பது. ஆனால் இக்குட்டா மரபின் பழைய பெருங்கிருதிகளுள் ‘தெகோட்டோ’ வகை என்ற ஒன்று உண்டென்பதை அவர் அறிவார். அறிந்தும் அதைக் குறிப்பிடுவதில்லை. அவ்வகையில் முன்பாட்டு ஒன்று வரும். அடுத்து வாய்ப்பாட்டு நின்று வாத்தியங்கள் மாத்திரம் ஓட்டமாய் ஓடி வித்தை காட்டும். பிறகு பின்பாட்டு வந்து அமைதிப்படுத்தி முடிக்கும். நடுவே விரைவும் இருபுறமும் நிதானமும் கொண்ட இந்த அமைப்பை மியாகி சிறுவயதிலேயே குருமுகமாகக் கற்றிருந்தார். இதனால் வழக்கு தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்; ஏனெனில் பின்பாட்டு முன்பாட்டின் இசையையே திருப்பிச் சொல்வதில்லை; ‘வசந்தக் கடல்’ முதலில் சொன்னதைக் கடைசியிலும் சொல்கிறது. அந்தத் திரும்புதல் மேனாட்டாரிடம் கற்றதாகவே இருக்கட்டும். வீட்டின் அறைகள் பழையவை, ஒரு கதவு புதியது. அதற்காக வீட்டையே வேறொருவர் பெயருக்குப் பட்டா மாற்றவேண்டுமா?

இரண்டாவது வாதம் இதைவிட வலிமையுடையது. கோட்டோ, சாமிசென், சாக்குஹாச்சி மூன்றும் சேர்ந்திசைக்கும் பழைய மரபில், எல்லா வாத்தியங்களும் ஒரே இசையைத்தான் சிறுசிறு வேறுபாடுகளோடு தொடரும்; ஒன்று பாட, மற்றொன்று துணை நிற்பது என்ற பிரிவினை அங்கே இல்லை; ‘வசந்தக் கட’லில் குழல் பாடுகிறது, கோட்டோ அலையாய் நின்று தாங்குகிறது; எனவே இது மேனாட்டு முறை என்கிறார். இதில் பாதி உண்மை. மற்றப் பாதி என்னவென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே கியோட்டோவில் யாயெசாக்கி கெங்யோ, சாமிசெனுக்கென்று பிறர் இயற்றிய கிருதிகளுக்கு, அவற்றோடு ஒட்டியும் விலகியும் செல்லும் தனிக் கோட்டோப் பகுதிகளை இயற்றிப் புகழ்பெற்றிருந்தார். இரண்டு வாத்தியங்கள் வெவ்வேறு வழியில் நடந்து ஓரிடத்தில் சந்திப்பது கோட்டோக்காரரின் செவிக்குப் புதிதன்று. மியாகி செய்தது அந்த விலகலை அதிகமாக்கியதுதான்.

ஏன் அதிகமாக்கினார்? இந்த வினாவை என் நண்பர்கள் மூவரும் கேட்டதில்லை. கோட்டோவின் நாதம் மீட்டிய கணத்திலேயே தேயத் தொடங்கிவிடுகிறது. அது நீண்டு நிற்க மாட்டாது. நிற்பதுபோலத் தோன்றவேண்டுமானால் மீண்டும் மீண்டும் மீட்டவேண்டும். கடலைப் பாட எடுத்துக்கொண்ட வித்வானுக்கு இந்தக் குறையே கருவியாயிற்று: எழுந்து உடைந்து கரைந்து மறுபடியும் எழுவது அலையின் இயல்பு, அதுவே கோட்டோவின் இயல்பும் ஆகும். கடலில் அலை மட்டுமா உண்டு? அசையாமல் நீண்டு கிடக்கும் தொடுவானமும் உண்டு. அதற்கு மூச்சு வேண்டும், ஆகவே குழல் வந்தது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அதனால் இயன்றதைக் கொடுத்தால் அவை தாமாகவே வேறு வேறு வழியில் போகும். துணைவாத்தியம் என்ற மேனாட்டுக் கருத்தை இறக்குமதி செய்துதான் இதைச் செய்யவேண்டும் என்பதில்லை. அந்தக் கருத்து மியாகிக்குத் துணிவு தந்திருக்கலாம். வழியை வாத்தியமே காட்டியது.

இனி, நண்பர் தம் கடைசி அஸ்திரமாக எடுக்கும் வயலினுக்கு வருகிறேன். 1932-இல் ரெனே ஷெமே என்னும் பிரெஞ்சு வயலின் கலைஞர் ஜப்பானுக்கு வந்தபோது, இந்த இசையைக் கேட்டு மனம் பறிகொடுத்து, குழலின் பகுதியைத் தம் வயலினுக்கு அமைத்துக்கொண்டு மியாகியோடு சேர்ந்து வாசித்தார். அது இசைத்தட்டாக வெளிவந்து ஜப்பானில் மட்டுமன்றி அமெரிக்காவிலும் பிரான்சிலும் விற்பனையாயிற்று. ‘வசந்தக் கடல்’ உலகப் புகழ் பெற்றது அந்தத் தட்டினால்தான். ஐரோப்பிய வாத்தியத்தில் இவ்வளவு எளிதில் பொருந்துகிற இசை ஐரோப்பிய இசையாகத்தானே இருக்கவேண்டும் என்பது வாதம்.

இந்த இடத்தில் ஒரு பழைய இரகசியத்தைச் சொல்லிவிடுவது முறை. நானும் ஒரு காலத்தில் அந்த நண்பரின் கட்சியில்தான் இருந்தேன். முதன்முதலில் நான் கேட்டது வயலினோடு கூடிய ‘வசந்தக் கடல்’தான், ஒரு நண்பர் வீட்டில், கீறல் விழுந்த தட்டில், பேச்சுக்கிடையே கேட்டேன், ஏதோ பிரெஞ்சுக்காரர் ஜப்பானைப் பற்றி எழுதிய அலங்கார இசை என்று எண்ணி விட்டுவிட்டேன். நான்கைந்து ஆண்டுகள் கழித்து மூங்கிற்குழலோடு கேட்டபோதுதான் என் பிழை எனக்குப் புலப்பட்டது. சாக்குஹாச்சி, முன்னே நான்கும் பின்னே ஒன்றுமாக ஐந்தே துளைகள் உள்ள எளிய குழல். அதை ஊதுபவர் முகவாயைத் தாழ்த்தியும் உயர்த்தியும் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போவார், ஸ்வரத்தோடு மூச்சின் இரைச்சலும் கலந்து வரும். இதைக் கேட்டபின் மறுபடியும் வயலின் தட்டை எடுத்துப் போட்டேன். ஷெமே அம்மையார் தம் விரலை நரம்பின்மேல் இழுத்து இழுத்துக் கொண்டுபோவது அப்போதுதான் என் செவியில் விழுந்தது. முன்பு அதை ஐரோப்பியரின் உணர்ச்சிப் பெருக்கு என்று நினைத்திருந்தேன். இப்போது அது மூங்கிலின் வழுக்கலைப் பின்தொடர்வதாகக் கேட்டது. கோட்டோ தன் இடத்திலிருந்து ஓர் அங்குலமும் அசையவில்லை; அதன் பகுதி முன்போலவே இருந்தது. வயலின்தான் எழுந்து கோட்டோவின் பக்கம் வந்து உட்கார்ந்தது. பிறநாட்டு வாத்தியம் ஒன்று வந்து உட்கார்ந்தால் இசையும் பிறநாட்டது ஆகிவிடும் என்ற வாதத்தை, வயலின் கச்சேரி கேட்டே வளர்ந்த இந்த ஊரில் ஒருவர் சொல்லக் கேட்பதுதான் எனக்கு வியப்பு. அதைப் பற்றி மேலும் பேசமாட்டேன்.

இன்றைக்கு ஜப்பானில் புத்தாண்டு பிறந்தால் கடைவீதியிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இந்த இசைதான். 1929-இல் பிறந்த ஒன்றை ஆதிகாலம் தொட்டு வந்ததாகவே அந்நாட்டுப் பொதுமக்கள் பலர் நினைத்துக் கேட்கிறார்கள். யட்சுஹாஷியின் சுருதி வைப்புக்கு நேர்ந்தது இதுவே.

பதினேழு நரம்பு

நேரம் போய்க்கொண்டிருப்பதைத் தலைவர் சாடையாகத் தெரிவிக்கிறார். ஆகவே சுருக்கமாக. கோட்டோவுக்குத் தாழ்ந்த ஸ்தாயி போதாது என்று கண்டு, தடித்த பதினேழு நரம்புகள் கொண்ட பெருங்கோட்டோ ஒன்றை மியாகி 1921-இல் செய்வித்தார். ‘உதிரும் இலைகளின் நடனம்’ என்ற கிருதியில் அவ்வாண்டே அதைப் பயன்படுத்தினார். 1923-இல் இயற்றிய ‘செஒட்டோ’வில் அதைக் கோட்டோவுக்குச் சமமாக நிறுத்தினார். மேனாட்டுக் குழுவிசையின் கீழ்க்குரல் அவருக்கு முன்மாதிரி என்பதில் ஐயமில்லை. ஆயினும் மரமும் குதிரையும் நகமும் கோட்டோவுடையனவே. அது நிலைத்தது. எண்பது நரம்புகளோடு 1929-இல் அவர் அமைத்த இன்னொரு வாத்தியம் நிலைக்கவில்லை. பியானோவோடு போட்டியிடப் பிறந்த அது 1945-இல் விமானக் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. வாத்தியத்தின் தேவையிலிருந்து பிறந்தது பிழைத்தது, பிறர் வாத்தியத்தைப் பார்த்துப் பிறந்தது பிழைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். முதல் நண்பருக்கு உதவக்கூடிய உதாரணம் இந்த எண்பது நரம்புதான், அதை அவர் ஒருபோதும் பயன்படுத்தவில்லை.

1928-இல் கோட்டோவும் மேனாட்டு வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்க அமைந்த ‘எதென்ராக்கு’ என்னும் பழைய அரசவை இசையின் மாறுபாடுகளைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன், விட்டுவிடுகிறேன். மியாகி 1956 ஜூன் 25-ஆம் நாள் விடியற்காலையில், ஒசாக்காவில் கச்சேரி செய்யப் போகும் வழியில், கரியா நிலையத்துக்கு அருகே ஓடும் இரயிலிலிருந்து விழுந்து இறந்தார். அவருக்குப் பிறகு கோட்டோ கலைஞர் நோசாக்கா கெய்க்கோ, இயற்றுநர் மிக்கி மினோருவுடன் சேர்ந்து 1969-இல் இருபது நரம்புக் கோட்டோவை உண்டாக்கினார். விரைவிலேயே நரம்பு இருபத்தொன்றாயிற்று, பெயர் இருபதாகவே நின்றது. பின்வந்த கோட்டோ இயற்றுநர்களான சவாய் ததாவோ முதலானோர் பற்றித் தனியே ஒரு சொற்பொழிவு வேண்டும்.

இனிச் செய்யவேண்டுவன

இளைஞர்களுக்குச் சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன். மியாகி பிரெய்ல் எழுத்தில் இயற்றியவர். அந்த மூலங்களையும் அச்சான ஸ்வரக் குறிப்புக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த மாற்றம் அவருடையது, எது பதிப்பித்தவருடையது என்று தெரியும். டோக்கியோவில் அவர் நினைவாக 1978-இல் திறந்த காட்சிசாலை இருக்கிறது. ஜப்பானிய மொழி கற்று யாராவது அங்கே போகவேண்டும். ‘மிசு நோ ஹெந்தாய்’ முழுவதையும் குதிரை நகரும் இடங்களோடு ஒருவர் ஆராயலாம். நான் தொடங்கி, முடிக்காமல் வைத்திருக்கும் குறிப்புக்களைத் தருகிறேன். அவர் நல்ல கட்டுரையாசிரியரும் ஆவார். ‘மழையின் நெம்புத்சு’ (நெம்புத்சு என்பது புத்தர் நாம ஜபம்) என்ற அவருடைய 1935-ஆம் ஆண்டுத் தொகுதி தமிழில் வரவேண்டும். கொரியாவில் அவர் கழித்த பத்தாண்டுகளில் அந்நாட்டு இசை அவர் செவியில் என்ன செய்தது என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

முன்வரிசை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூங்கிற்குழலோடு கூடிய தட்டை முதலிலும் வயலினோடு கூடியதை அடுத்தும், அதே வரிசையில், ஒரே மாலையில் கேளுங்கள். இரண்டு தட்டுக்களும் என்னிடம் இருக்கின்றன, நாளைக்கே கொடுத்தனுப்புகிறேன். கேட்டபிறகு மறுப்பை எழுத்தில் அனுப்புங்கள். இந்தச் சொற்பொழிவு சிறுநூலாக வரும்போது அதில் ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிடுவேன்.